கப்பல் இறங்கியதும் கையில் ஒரு பகல்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, கிள்ளான், புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள், ஊருக்கு விமானம் ஏறும் வரை உள்ள நேரத்தில் என்ன பார்ப்பது என்று கேட்கிறார்கள். சென்னையில் இறங்குகிறவர் ஒருவரின் கேள்வியும் உண்டு.

கப்பல் காலை 7 மணிக்கு சிங்கப்பூர் வந்துவிடும். திருச்சி விமானம் இரவு 8.30-க்கு. பதின்மூன்றரை மணி நேரம் இருக்கிறது. யுனிவர்சல் ஸ்டுடியோ, சென்டோசா, தேக்கா, பூந்தோட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

முடியாது. பதின்மூன்றரை மணி நேரம் டிக்கெட்டில்தான் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 8.30 விமானத்துக்கு 5.30-க்குச் சாங்கி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்ட்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். குடும்பமாகப் போகும்போது இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டாம். நகரிலிருந்து சாங்கிக்கு ரயிலில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதனால் 4.30-க்கு நகரை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

காலைப் பக்கமும் இதே கதைதான். ஏழு மணிக்குக் கப்பல் கரையில் கட்டப்படும், அவ்வளவே. துறைமுக அனுமதி வந்து, தளம் தளமாக அழைத்து, குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வர 9 அல்லது 9.30 ஆகிவிடும். பெட்டிகளை எங்காவது வைத்துவிட்டு நகருக்குள் கால் வைக்கும்போது 10.30. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். யுனிவர்சல் ஸ்டுடியோ ஒன்றுக்கே முழு நாள் வேண்டும். அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மூன்று மணி நேரத்தில் ஓடி வருவது பணத்துக்கும் கேடு, குழந்தைகளுக்கும் ஏமாற்றம். அது வேண்டுமென்றால் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற நாளுக்கு, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்கள் போதும், மிஞ்சினால் மூன்று.

இறங்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்க வழி உண்டு. கடைசி இரவு அறைக்கு நிற அட்டைகள் வரும். அவற்றைப் பெட்டியில் கட்டி அறை வாசலில் வைத்தால் ஊழியர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் உங்கள் நிறம் அழைக்கப்பட்ட பிறகு முனையத்தில் தேடி எடுக்க வேண்டும். பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு இறங்குகிறவர்களை இதற்கு முன்பே விடுவார்கள். ஆளுக்கொரு சிறிய சக்கரப் பெட்டிதான் என்றால் இரண்டாவது வழியைக் கேளுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

வாசலில் பெட்டி வைப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று: மறுநாள் உடை, மாத்திரை, பாஸ்போர்ட், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பெட்டி இரவோடு இரவாகப் போய்விடும், காலையில் இரவு உடையோடுதான் நிற்க வேண்டும். இவையெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருப்பார்கள். அதை எப்போது, எந்தத் தளத்தில் திருப்பித் தருகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அறைக் கணக்கையும் அன்றிரவே சரிபாருங்கள், காலையில் அந்தக் கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்.

நாலு பேர், ஐந்து பெட்டி. இவற்றை வைத்துக்கொண்டு எப்படி ஊர் சுற்றுவது?
– வாசகர், தஞ்சாவூர்

பெட்டியோடு சுற்றவே முடியாது. ஆகவே இந்த ஏற்பாட்டை முதலில் முடிவு செய்யுங்கள், எதைப் பார்ப்பது என்பது அதற்குப் பிறகுதான்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு நகரில் அறை எடுத்திருந்தால் சுலபம். அதே விடுதியில் திரும்பி வந்து பகல் முழுக்கப் பெட்டி வைக்கலாமா என்று அறையைக் காலி செய்யும்போதே கேளுங்கள். பெரும்பாலான விடுதிகள் ஒப்புக்கொள்ளும். எனவே விடுதியை எடுக்கும்போதே லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கமாக எடுத்தால், மதியம் சாப்பிடப் போகிற இடமும் பெட்டி இருக்கிற இடமும் ஒன்றாகிவிடும்.

விடுதி இல்லையென்றால் நேராகச் சாங்கிக்கே போய்விடுங்கள். மெரினா பே கப்பல் முனையத்திலிருந்து டாக்சியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். விமான நிலையத்தில் பெட்டி வைப்பு கவுன்ட்டர்கள் உண்டு. பெட்டி ஒவ்வொன்றுக்கும் கட்டணம், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். உங்கள் விமான நிறுவனம் முன்கூட்டியே பெட்டி வாங்கும் வசதி தருகிறதா என்றும் விசாரியுங்கள். தந்தால் கட்டணமே இல்லாமல் தீர்ந்தது. பிறகு கைவீசிக்கொண்டு ரயிலில் நகருக்கு வரலாம். திசை மாறிப் போகிற மாதிரி தோன்றும். ஆனால் மாலையில் பெட்டி எடுக்க ஊருக்குள் அலைய வேண்டாம் என்பது பெரிய நிம்மதி.

சாதாரண டாக்சியில் நாலு பேர் ஏறலாம், ஐந்து பெரிய பெட்டி ஏறாது. ஆறு பேர் உட்காரும் பெரிய வண்டியாகக் கேளுங்கள். குழந்தை இருந்தால் இன்னொன்று: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு, செயலி வழியே வரும் தனியார் வண்டிகளில் குழந்தை இருக்கை கட்டாயம். மீட்டர் டாக்சிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. கிராப் செயலியில் சாதாரண வண்டியைப் பதிவு செய்துவிட்டு, ஓட்டுநர் ஏற்ற மறுத்து நிற்கிறவர்கள் இதனால்தான் நிற்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? பக்கத்தில் மாரியம்மன் கோயிலும் உண்டாம். அரை நாளில் இரண்டையும் பார்க்க வழி சொல்லுங்கள்.
– வாசகர், நாகூர்

உண்மை. டெல்டாவிலிருந்து போகிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த வட்டாரத்தைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. மெர்லயன் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதைவிட, நம் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் போனவர்கள் முதலில் என்ன கட்டினார்கள் என்று பார்ப்பதில் மனசு நிறையும்.

ஆங்கிலேயர் சிங்கப்பூரில் காலூன்றியது 1819-இல். அப்போது பினாங்கிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை என்பவர் 1827-இல் தொடங்கியதுதான் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில். அந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுவே. அதை உருவாக்கியவர்களில் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கங்களிலிருந்து போனவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தீபாவளிக்கு முன்பாக அங்கே தீமிதி நடக்கும். அதே சாலையில் சில அடி தள்ளி, சோழமண்டலக் கரை முஸ்லிம்களான சூலியாக்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். கோபுரத்தை வைத்துப் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்றும், பள்ளிவாசலை வைத்து மறு தெருவுக்கு மாஸ்க் தெரு என்றும் பெயர். இன்று அந்தப் பகுதி முழுவதையும் சைனா டவுன் என்கிறார்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் தெலுக் ஆயர் தெரு. அதில்தான் 1828-க்கும் 1830-க்கும் இடையில் சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாகக் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. நாயகம் அடங்கியிருப்பது நம் நாகூரில்தான். இது அங்கே போனவர்கள் நன்றியோடு எழுப்பிய நினைவிடம். இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாக இருக்கிறது. மூலைகளில் எழும் சின்ன மினாராக்களைப் பாருங்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் நாகூரில் கட்டுவித்த பெரிய மினாராவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எதை மனதில் வைத்துக் கட்டினார்கள் என்பது சட்டென்று புரியும். அந்தத் தெரு அன்று கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொல்ல வந்த இடம். பின்னால் கடலைத் தூர்த்து நகரம் வளர்ந்ததால் இப்போது கடல் கண்ணுக்கே தெரியாது. அதே வரிசையில் சீனர்கள் கடல் தெய்வத்துக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும் இருக்கிறது. அவர்களும் கரையேறியதும் இதையேதான் செய்திருக்கிறார்கள்.

உங்கள் கப்பல் பினாங்கில் நின்றால் அங்கேயும் சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா உண்டு. கப்பல் துறையிலிருந்து நடந்தே போகலாம்.

இனி வழி. சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. எது என்று டிக்கெட்டில் பாருங்கள். மெரினா பே முனையம் என்றால் பத்து நிமிடம் நடந்து மெரினா சவுத் பியர் ரயில் நிலையம். ஒரு நிலையம் போய் மெரினா பேயில் இறங்கி, பழுப்பு நிறத் தடத்துக்கு மாறி இரண்டாவது நிலையமான மேக்ஸ்வெல்லில் இறங்குங்கள். கோயில் ஐந்து நிமிட நடை. ஹார்பர் ஃபிரண்ட் முனையம் என்றால் இன்னும் சுலபம். அங்கேயே ஊதா நிறத் தடம் தொடங்குகிறது, இரண்டாவது நிலையம் சைனா டவுன். பகோடா தெரு வாசல் வழியே மேலே வந்தால் தெருக்கோடியில் கோயில்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள்: கோயில்தான் முதலில். அங்கேயும் நம் ஊர்ப் பழக்கம்தான். நண்பகல் 12 மணியளவில் நடை சாத்தினால் மாலை 5.30, 6 மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் பூந்தோட்டம் போய்விட்டு மதியம் கோயிலுக்கு வருகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிவாசலில் ஜும்ஆ நேரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடம் இராது. அதற்கு முன்பே போய்விடுங்கள்.

தர்காவிலிருந்து தெலுக் ஆயர் நிலையம் அருகில். நீலத் தடத்தில் ஏறினால் மாறாமலே ஆறாவது நிலையம் லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையிலோ சிராங்கூன் சாலையிலோ சாப்பிடலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸ் அங்கேதான். சாப்பிட்ட பிறகு அதே நீலத் தடத்தில் நாலாவது நிலையமான பேஃபிரண்டில் இறங்கினால் வளைகுடாப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை த பே). 2012-இல் திறந்தது, 25-லிருந்து 50 மீட்டர் உயரமுள்ள இரும்பு மரங்கள் நிற்கும் வெளித்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. கண்ணாடிக் கூடங்கள் இரண்டுக்கும்தான் டிக்கெட். வெயிலும் புழுக்கமும் தாங்காதவர்கள் அதில் ஒன்றுக்குள் போய்விடலாம், உள்ளே குளிரூட்டியிருக்கும். இந்தக் கூடங்களைப் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மூடுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பேஃபிரண்டிலிருந்து விமான நிலையத்துக்கு அதே நீலத் தடத்தில் எக்ஸ்போ வரை உட்கார்ந்தே வந்து, அங்கே மாறி அடுத்த நிலையத்தில் சாங்கியில் இறங்கலாம். மரங்களின் ஒளி நிகழ்ச்சி தினமும் 7.45-க்கும் 8.45-க்கும், விமானம் நள்ளிரவுக்கு மேல் என்றால் முதல் காட்சியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரவு 11 மணிக்கு மேல் ரயிலை நம்ப வேண்டாம்.

விசா ஒன்றுதானே எடுக்கிறோம், இரண்டாவது முறை சிங்கப்பூருக்குள் விடுவார்களா?
– வாசகர், மன்னார்குடி

சரியான கேள்வி. விமானத்தில் வருவது ஒரு நுழைவு, கப்பலில் திரும்புவது இன்னொரு நுழைவு. ஆகவே விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியர்களுக்கு விசா அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான். பயணத்துக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கப்பல் நிற்கும் நாடுகளின் நுழைவு விதிகளைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கரையில் இறங்காவிட்டாலும், அந்த நாட்டின் தேவையைப் பூர்த்தி செய்யாதவரை ஏற்ற மறுக்கும் கப்பல்கள் உண்டு.

பலர் தடுக்கி விழுவது வருகை அட்டையில். சிங்கப்பூர் வருகை அட்டை இணையத்தில் நிரப்புவது, இலவசம். கட்டணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். விமானத்தில் வரும்போது நிரப்பியது கப்பலில் திரும்பும்போது செல்லாது, புதிதாக ஒன்று வேண்டும். மூன்று இரவுப் பயணத்தில் வியாழன் ஏறி ஞாயிறு திரும்பினால், வெள்ளிக்கிழமைதான் நிரப்பத் தொடங்கவே முடியும். அப்போது நீங்கள் கப்பலில். கப்பல் வைஃபைக்குக் காசு அதிகம். துறைமுகத்தில் கரை சிக்னல் கிடைக்கும்போது நிரப்பி, உறுதிச் செய்தியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் தனி அட்டை. நடுக்கடலில் போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். கடல்வழி நெட்வொர்க் தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் கன்னாபின்னாவென்று ஏறும்.

ரயிலுக்கு டிக்கெட் எங்கே வாங்குவது? ரூபாயை எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும்?
– வாசகி, மயிலாடுதுறை

டிக்கெட் வாங்க வேண்டியதே இல்லை. விசா, மாஸ்டர் முத்திரையுள்ள வங்கி அட்டையை வாயிலில் தொட்டால் கதவு திறக்கும். வெளியேறும்போது அதே அட்டையைத் தொட வேண்டும். ஒரு நடைக்கு ஒன்றிலிருந்து மூன்று வெள்ளிக்குள் அடங்கும். (அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) வெளிநாட்டு அட்டைக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு சேவைக் கட்டணம் சேரும்.

பிசகுவது மூன்று இடங்களில். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொடாமல் செலுத்தும் வசதியும் பெரும்பாலும் அணைத்தே இருக்கும். இரண்டையும் ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். திறக்கும்போது வரும் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும், அதனால் அங்கே போய்ச் செய்ய நினைத்தால் சிக்கல். ரூபே மட்டும் உள்ள அட்டையை நம்பிப் போகாதீர்கள். மூன்றாவது, ஓர் அட்டையில் ஓர் ஆள்தான். கணவர் தொட்டு உள்ளே போய்விட்டு அதே அட்டையை மனைவிக்கு நீட்டினால் கதவு திறக்காது. அட்டை போதாதவர்கள் நிலையத்தில் பயண அட்டை வாங்கிக் காசு ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு பகலுக்குச் சாப்பாடு, கோயில் என்று ஆளுக்கு 30, 40 வெள்ளி ரொக்கம் இருந்தால் தாராளம். தண்ணீருக்குக் காசே வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், காலி பாட்டில் கொண்டு போங்கள். ரயிலுக்குள் தண்ணீர் குடிப்பதும் சாப்பிடுவதும் கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். நிலையங்களில் பெயர்ப் பலகை தமிழிலும் இருக்கும். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று.

அம்மாவுக்கு 72 வயது, முட்டி வலி, தூக்க மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். நடக்க வைக்காமல் என்ன காட்டலாம்?
– வாசகர், திருவாரூர்

அம்மாவை நகருக்குள் அலைக்கழிக்காமல் ஜுவல் வளாகத்துக்கே கூட்டிப் போங்கள். விமான நிலையத்தின் முதல் முனையத்தோடு ஒட்டியது, 2019-இல் திறந்தது. கூரையிலிருந்து 40 மீட்டர் விழும் அருவி, சுற்றிலும் அடுக்கடுக்காகச் செடிகள், எங்கு பார்த்தாலும் மின்தூக்கி, உட்கார இடம், குளிர்ச்சி. நுழைவுக் கட்டணம் இல்லை. அருவி காலையிலேயே ஓடாது, 10, 11 மணிக்கு மேல்தான். ஒன்றை மறக்காதீர்கள்: ஜுவல் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. பாஸ்போர்ட் முத்திரை முடிந்து உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியாது. முதலில் ஜுவல், பிறகு குடிநுழைவு.

கப்பலில் இறங்கும்போது சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று ஏறிய அன்றே சொல்லி வையுங்கள். விமானத்துக்கு 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தூக்க மாத்திரையைப் பற்றி: தூக்க மாத்திரைகள் சிலவற்றுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். மருந்துச் சீட்டில் உள்ள வேதிப் பெயரைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

சாங்கியில் இலவசமாகவே நகரைச் சுற்றிக் காட்டுகிறார்களாமே?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

அது ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு மாறுகிறவர்களுக்கு. இடைவெளி ஐந்தரை மணி நேரமாவது இருக்க வேண்டும், 24 மணிக்குள் இருக்க வேண்டும். கப்பலில் வந்தவர்களுக்குக் கிடையாது.

லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையில் சாமான் வாங்கினால் வரி திருப்பித் தருவார்களாமே? ஒரு சவரன், இரண்டு சவரன் நகை வாங்கலாமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

வரி 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், பில் மட்டும் போதாது. ஒரே கடையின் ஒரே நாள் பில் மூன்று வரை சேர்த்துக் கணக்கிடலாம். சிங்கப்பூரிலேயே ஏறி அங்கேயே திரும்பும் கப்பலுக்குக் கப்பல் முனையத்தில் வரி திருப்பித் தர மாட்டார்கள். கப்பலுக்கு முன் வாங்கியிருந்தாலும் இரண்டு மாதத்துக்குள் விமானத்தில் நாடு திரும்பும்போது சாங்கி இயந்திரத்தில் கேட்கலாம். சாமானைப் பெட்டியில் போட்டு அனுப்புவதாக இருந்தால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அந்த இயந்திரத்துக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். பெட்டி உள்ளே போய்விட்டால் பணமும் போயிற்று.

நகை வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. இந்தியச் சுங்கத்தில் நகைக்கான சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரம் போய் வருகிறவர் வாங்கும் புது நகைக்கு வரி உண்டு. அறிவிக்காமல் கொண்டு வந்தால் பறிமுதல் வரை போகும். உங்கள் சொந்த நகையைக் கனமாக அணிந்து போவதாக இருந்தால், போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேள்வி வராது.

கொண்டு போகும் பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. உறவினர் வீட்டுக்கென்று மளிகை கட்டும்போது கசகசாவை எடுத்துவிடுங்கள். அங்கே அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பொருள். மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் இவையும் கூடாது. சிகரெட் ஒன்றுக்குக்கூட வரிவிலக்கு கிடையாது.

சென்னையில் ஏறி இறங்கும் கப்பலில் போகிறோம். காலையில் இறங்கினால் ஊருக்கு ரயில் இரவுதான். பகலில் சென்னையில் என்ன பார்ப்பது?
– வாசகர், சீர்காழி

எழும்பூரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் பாதுகாப்பு வளையத்துக்குள் இருப்பதால் வாடகை வண்டியை வாயிலுக்கு வரச் சொல்லி ஏறுங்கள். முதலில் எழும்பூர் நிலையப் பொருள் வைப்பறையில் பெட்டிகளை விடுங்கள். பயணச் சீட்டும் அடையாள அட்டையும் வேண்டும், பெட்டியில் பூட்டு இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். உங்கள் ரயில் எழும்பூரிலிருந்துதான் கிளம்புகிறதா என்று முன்பே பாருங்கள். எழும்பூர் நிலையச் சீரமைப்பையொட்டிச் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பேருந்து என்றால் கிளாம்பாக்கம். துறைமுகத்திலிருந்து நகரின் மறுகோடி, மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெட்டியை வைத்துவிட்டு, 1851-இல் தொடங்கி இப்போது பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். காலை 9.30 முதல் மாலை 5 வரை, வெள்ளிக்கிழமை விடுமுறை. நேராக வெண்கலக் கூடம். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவெண்காட்டின் அர்த்தநாரீசுவரர் அங்கேதான் நிற்கிறார். ஆண் பாதியின் தோளும் பெண் பாதியின் இடுப்பு வளைவும் ஒரே உடலில் எப்படி இணைகின்றன என்று முன்னிருந்தும் பின்னிருந்தும் பாருங்கள், அவசரப்பட வேண்டாம். அதே திருவெண்காட்டின் ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு அவரையும் பார்த்தால்தான் அந்தச் சிற்பிகளின் கை முழுதாகப் புரியும். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் வெண்கலங்களும் இங்கே உண்டு. கடாரத்து அரசர் நாகையில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராசராசன் ஊர் கொடுத்த காலத்திலிருந்து கடல் கடந்து வந்துபோன உறவின் மிச்சம் அவை.

வெயில் தணிகிற வரை, மதியம் 1 முதல் 4 மணி வரை, உள்ளேயே இருப்பது நல்லது. அதன் பிறகு மெரினா. இரவு 8 மணிக்கு நிலையத்துக்குத் திரும்பிப் பெட்டியை எடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வைப்பறை வரிசை நீளும்.

கப்பல் தாமதமாக வந்தால் விமானம் என்ன ஆகும்?
– வாசகர், வேதாரண்யம்

தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகள் என்றால் விமானம் போனது போனதுதான், பணம் திரும்பாது. அதனால் இறங்கும் நாளில் மதியம் 1 மணிக்கு முந்தைய விமானத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். பயணக் காப்பீடு வாங்கும்போது, கப்பல் தாமதத்தால் விமானம் தவறினால் ஈடு தருவார்களா என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். விமானத் தாமதத்தை மட்டும் சேர்த்துவிட்டு இதை விட்டுவிடும் பாலிசிகள் உண்டு. தவறியே போனால் திருச்சி விமானத்துக்காக மறுநாள் வரை காத்திருக்காமல், சென்னைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து இரவு ரயிலோ பேருந்தோ பிடித்தால் காலையில் ஊர் வந்துவிடலாம். புக்கெட் போய் வருகிறவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைக் கடைப்பிடிக்கிறது என்று அன்றாட அறிவிப்புத் தாளில் போட்டிருப்பார்கள். கரையில் இறங்கினால் போன் காட்டும் நேரத்தை விட்டுவிட்டுக் கப்பல் நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.